ஸமட் மாமாவின் ஆர்மோனியம்

என் மாமா அப்துல் ஸமட் ஒரு பாட்டைத் தொடங்கும்போது "ஒன்று, இரண்டு" என்று எண்ணமாட்டார். கையையும் உயர்த்தமாட்டார். ஆர்மோனியத்துக்குக் கீழே இருக்கும் மிதிகட்டையை வலது காலால் ஒருமுறை நீளமாக மிதிப்பார். ஓர் ஆள் பேசத் தொடங்கும் முன் மூச்செடுப்பதைப் போல துருத்தி காற்றை இழுக்கும். அந்த மூச்சு முடியும் இடத்தில் மற்ற ஏழு பேரும் ஒன்றாகத் தொடங்குவார்கள். மிதி மெதுவாக இருந்தால் பாட்டு மெதுவாக வரும். மிதி வெட்டினால் பாட்டும் வெட்டும். இருபத்தாறு வருடமாக ஒரு குழுவை அவர் நடத்தியது இப்படித்தான். அவருடைய கால் கதைக்கும், மற்றவர்கள் கேட்பார்கள்.

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் அவருக்கு ஒரு கடிகாரக் கடை இருக்கிறது. கடையின் பின்னறையில்தான் ஆர்மோனியம். வீட்டுக்கு அது ஒருநாளும் வந்ததில்லை. அவருடைய வாப்பா, அதாவது என் உம்மாவின் வாப்பா, பாட்டும் வாத்தியமும் நமக்குக் கூடாது என்று நம்பிய மனிதர். அவர் மவுத்தான பிறகும் அந்தப் பேச்சு எங்கள் குடும்பத்தில் உயிரோடு இருந்தது. அண்ணனைப் பற்றி என் உம்மாவிடம் யாராவது "ஒங்கட நானா என்ன செய்றார்?" என்று கேட்டால், "மணிக்கூடு திருத்துறார்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வா. அது பொய்யில்லை. பாதி மட்டும்தான்.

அந்த ஆர்மோனியமும் திருத்துவதற்காக வந்ததுதான். நாடகக் குழு ஒன்றில் வாசித்த ஒருவர் துருத்தி கிழிந்துவிட்டதென்று கொடுத்துவிட்டுப் போனார். அவர் திரும்பி வரவில்லை. யுத்தம் நடந்த அந்த வருடங்களில் திரும்பி வராதவர்கள் பலர். மாமா துருத்தியை ஒட்டி, ஒவ்வொரு சுரத்துக்குமான பித்தளை நாக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து, ஒரு வருடம் காத்திருந்தார். பிறகு தானே வாசிக்கப் பழகினார்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. மிகப் பழைய பெட்டி அது. இன்றைய ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கும் அதற்கு அடுத்த கட்டைக்கும் நடுவில் எங்கோ அதன் சுருதி நின்றது. வேறு எந்த வாத்தியத்தோடும் சேராது. நாவிதன்வெளியிலிருந்து அருளம்பலம் ஐயா தன் கைக்கடிகாரத்தைத் திருத்த வரும்வரை அது தனியாகவே கிடந்தது.

அருளம்பலம் ஐயா வயல் செய்பவர். இளவயதில் கொழும்பில் ஒரு பாண்ட் குழுவில் இருந்து கிளாரினெட் பழகியவர். அந்தக் குழு கலைந்தபோது அவர் பங்குக்குக் கிடைத்த கருங்காலிக் கிளாரினெட்டும் பழைய காலத்தது, அதுவும் யாரோடும் சேராதது. வயலினை முறுக்கலாம், தளர்த்தலாம். கிளாரினெட்டின் சுருதி மரத்திலேயே வெட்டப்பட்டது, ஒன்றும் செய்ய ஏலாது. பின்னறையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு அவர் கடிகாரத்தை மறந்துவிட்டு உள்ளே வந்தாராம். அடுத்த ஞாயிறு அந்தக் கிளாரினெட் குழலோடு வந்தார். இரண்டும் ஒட்டிக்கொண்டன.

"ரெண்டும் ஒரே அளவுக்குப் பிழ தம்பி," என்று ஐயா சொல்லிச் சிரித்தாராம். "அப்ப ரெண்டும் சரிதானே."

குழு அப்படித் தொடங்கியது. இரண்டு வயலின், ஒரு மண்டலின், தபேலா, டோலக், காரைதீவிலிருந்து பாட வரும் யசோதினி ரீச்சர். எல்லோரும் அந்தப் பெட்டியின் சுருதிக்குத்தான் தங்கள் வாத்தியத்தைக் கட்டினார்கள். மாமா ஒரு விடயத்தில் இறுக்கமானவர். அறுபது, எழுபது வருடத்துக்கு முந்தைய பாட்டுகளை அந்தக் காலத்து வாத்தியங்களில்தான் வாசிக்க வேண்டும். கீபோர்ட் கூடாது. தபேலாவுக்கு பிளாஸ்ரிக் தோல் கூடாது. பழைய இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, எந்த இடத்தில் எந்த வாத்தியம் வருகிறது, குழல்காரர் எங்கே மூச்சு எடுக்கிறார் என்றெல்லாம் கொப்பிகளில் எழுதி வைத்திருந்தார். பதினேழு கொப்பிகள். அது ஒரு பைத்தியம் என்றுதான் சின்ன வயதில் நினைத்தேன். ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, இதற்குப் பெயர் ஆய்வு என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லையே என்று நினைத்தேன். இப்போது என்ன நினைப்பதென்று தெரியவில்லை.

திருக்கோவிலிலும் பாண்டிருப்பிலும் காரைதீவிலும் கோயில் திருவிழா மேடைகளில் அவர்கள் வாசித்திருக்கிறார்கள். கல்முனையில் ஒருதடவையும் இல்லை. மாமாவுக்கு அது உள்ளே கிடந்து அரித்தது. அதைப் பற்றிக் கதைக்கவே மாட்டார். ஒரேயொரு தடவை, கடையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது, கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"ஊரு கேக்கணுமெண்டு இல்ல மகள். ஒன்ட உம்மா ஒருக்காக் கேட்டாப் போதும். எனக்கு இரிக்கிறது ஒரு தங்கச்சிதான்."

அதனால்தான் போன வருடம் பிரதேச கலாசார விழாவுக்கு நான் விண்ணப்பம் எழுதினேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். வேலை கிடைக்காமல் இரண்டு வருடம் வீட்டில் இருந்த எனக்கு, நன்றாக எழுதத் தெரிந்த ஒரே விடயம் விண்ணப்பம். குழு தெரிவானது. கல்முனையில், மண்டபத்தில், ஒரு சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு. உம்மாவிடம் கேட்டேன். உம்மா அடுப்படியில் நின்று சோற்றை வடித்து முடித்தா. பிறகு, "பின்னேரம்தானே. போயிட்டு மஃரிப் தொழுகைக்கு முதல் வந்திரலாம்," என்றா.

மாமாவிடம் அதைச் சொன்னபோது அவர் கடிகாரத்துத் திருகுகளை எடுக்கும் சாவணத்தைக் கீழே வைத்துவிட்டார். மூன்று வாரம் இருந்தது. அருளம்பலம் ஐயாவுக்கு நெஞ்சில் ஒரு கட்டி. விழா முடிந்த திங்கட்கிழமை ஒபரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு ஊத ஏலுமோ தெரியாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஆகவே அந்தச் சனிக்கிழமையை விட்டால் வேறு சனிக்கிழமை இல்லை. எல்லோருக்கும் அது தெரியும்.

மறுவாரமே மாமா டெங்குவில் விழுந்தார். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. அந்த ஒன்பது நாளில்தான் நான் அதைச் செய்தேன்.

செய்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். கடைச் சாவி என்னிடம் இருந்தது. பின்னறையைக் கூட்டப் போனேன். போனில் சுருதி பார்க்கும் ஒரு செயலி இருந்தது; சரியென்றால் பச்சை, பிழையென்றால் சிவப்பு காட்டும். விளையாட்டாக அதைத் திறந்து வைத்து ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தினேன். சிவப்பு. அடுத்தது சிவப்பு. முப்பத்தேழு கட்டையும் சிவப்பு. இவ்வளவு பிழையான பெட்டியோடு மாமா மண்டப மேடையில் ஏறப் போகிறார், விழாவுக்குக் கொழும்பிலிருந்து வருகிறவர்கள் சிரிப்பார்கள், உம்மா முன்னால் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். "ரெண்டும் ஒரே அளவுக்குப் பிழ" என்ற கதையை நூறு தடவை கேட்டு வளர்ந்தவள் நான். ஆனால் நான் அதைப் பகிடி என்று நினைத்திருந்தேன். பல்கலைக்கழகத்தில் தரக் கட்டுப்பாடு என்ற பாடத்தில் எனக்கு ஏ. பிழையைக் கண்டால் திருத்த வேண்டும் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இருக்கவில்லை.

மட்டக்களப்பில் வாத்தியம் திருத்தும் ஒருவரிடம் வேன் பிடித்துக் கொண்டுபோனேன். "எந்தச் சுருதிக்கு வைக்க?" என்று அவர் கேட்டார். "சரியான சுருதிக்கு," என்றேன். அவர் ஒவ்வொரு நாக்கின் நுனியையும் அரத்தால் சுரண்டி நாலு நாளில் தந்தார். செயலி முழுவதும் பச்சை காட்டியது. மாமா வந்து பார்த்துச் சந்தோஷப்படுவார் என்று பெட்டியின் மேல் ஒரு துணி விரித்து வைத்தேன்.

விழாவுக்குப் பத்து நாள் இருந்தபோது மாமா வீட்டுக்கு வந்தார். மெலிந்துபோயிருந்தார். அந்த ஞாயிறே எல்லோரையும் பயிற்சிக்கு வரச் சொல்லிவிட்டார். நானும் போயிருந்தேன். துணியை எடுத்தேன். மாமா உட்கார்ந்து மிதித்தார். மூச்சு சரியாக வந்தது. பிறகு சத்தம் வந்தது.

அருளம்பலம் ஐயா குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு அதன் துளைகளைப் பார்த்தார், பிழை தன்னுடையது என்று நினைத்து.

"ஆரு இதத் தொட்ட?" என்றார் மாமா.

"நான்தான் மாமா. எல்லாம் பிழயா இருந்திச்சி. திருத்தக் குடுத்தன்."

"என்ன பிழ?"

"போன்ல பாத்தன். எல்லாம் சிவப்புக் காட்டிச்சி."

"போனுக்கு ஆரு சொன்ன, எது சரியெண்டு?"

அவர் சத்தம் போடவில்லை. முதல் வயலின் வாசிக்கும் றிம்சான், மருந்துக்கடையில் வேலை செய்பவன், எதையாவது சொல்லி அந்த நேரத்தைக் கடத்தப் பார்த்தான்: "மாஸ்டர், நீங்க டெங்குல படுத்த நேரம் இவள் பெட்டிக்கு வேற எடத்துல கலியாணம் பேசி முடிச்சிட்டாள்." யாரும் சிரிக்கவில்லை. அவனே வயலினைக் குனிந்து பார்த்துக்கொண்டான்.

பெட்டியில் ஒரு கட்டை கீழேயாவது சேருமா என்று குழலின் மூட்டை இழுத்து நீட்டிப் பார்த்தார்கள். சுருதி கொஞ்சம் இறங்கியது, ஆனால் சுரங்கள் ஒன்றுக்கொன்று கோணலாகிவிட்டன. ஐயாவுக்கு இருமல் வந்தது. இருமி முடித்து, கைலேஞ்சியால் வாயைத் துடைத்து, அந்தக் கைலேஞ்சியை யாரும் பார்க்காமல் மடித்து வைத்தார். நான் பார்த்தேன்.

அப்போது றிம்சான் மெதுவாக, நல்லெண்ணத்தோடுதான், சொன்னான்: "மாஸ்டர், நாங்க எல்லாம் புதுச் சுருதிக்குக் கட்டலாம். ஐயாட எடத்துக்கு மட்டும் என்ட கூட்டாளி கீபோர்ட்டுல கிளாரினெட் சத்தம்..."

"றிம்சான்," என்றார் மாமா, "எழும்பி வெளிய போ. போய் அஞ்சு நிமிசம் நிண்டிட்டு வா."

அவன் போய் ஐந்து நிமிடம் ஒழுங்கையில் நின்றுவிட்டு வந்தான்.

மறுநாள் மாமா கடையைத் திறந்தார், ஆனால் கதவைப் பாதிக்கு மேல் தூக்கவில்லை. கடிகாரம் பார்க்கும் கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு நாக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். முதல் நாளில் ஆறு நாக்குகள் இறங்கின. எனக்கு உயிர் வந்தது. இரண்டாம் நாள் அந்த ஆறில் இரண்டு, மிதித்தவுடன் முறிந்தன. ஏற்கெனவே மெலிந்த பித்தளை. அதைவிட, அவருடைய கையும் அடங்கவில்லை. தலைமயிர் போன்ற கம்பிச் சுருளைப் பிடித்து நிமிர்த்தும் கை, காய்ச்சலுக்குப் பிறகு ஓர் அரத்தைப் பிடிக்க முடியாமல் ஆடியது.

"இது என்ட கை இல்ல," என்று தனக்குள்ளே சொன்னார்.

மூன்றாம் நாள் மாமி எனக்குப் போன் எடுத்தா. "சோறு அப்பிடியே திரும்பி வருது மகள். கேட்டா ஏசுறார். நீ போய்ப் பாரேன், ஒன்னோடயாவது கதைப்பார்." அவர் என்னோடும் கதைக்கவில்லை. கடிகாரப் பாகங்கள் வைக்கும் தட்டில் முறிந்த நாக்குகள் வரிசையாகக் கிடந்தன. நான் எண்ணினேன். பத்தொன்பது. எண்ணாமல் இருந்திருக்கலாம்.

"மாமா, மன்னிச்சிக்கங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. "விழாக்காரருக்குப் போன் எடு. நாங்க வரல்லயெண்டு சொல்லு."

"மாமா..."

"நீதானே எழுதின. நீயே சொல்லு."

நான் கடைக்கு வெளியே வந்து இலக்கத்தை அழுத்தினேன். மணி இரண்டு தடவை போனதும் வெட்டிவிட்டேன். பிறகும் அழுத்தினேன், பிறகும் வெட்டினேன். திருத்தத் தெரிந்த எனக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. மூன்றாம் முறை அழுத்தும்போது அருளம்பலம் ஐயா ஒழுங்கையில் வந்துகொண்டிருந்தார். நாவிதன்வெளி பஸ்ஸிலிருந்து இறங்கி அங்கே வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கியிருக்க வேண்டும், சட்டை நனைந்திருந்தது. கையில் குழல் பெட்டி.

"போன வை பிள்ள," என்று சொல்லிவிட்டுக் குனிந்து பாதிக் கதவுக்குள் போனார்.

நான் வெளியே நின்றே கேட்டேன்.

"தம்பி, என்ட குழல் நல்லாத்தானே இருக்கு. எல்லாரும் இதுக்குக் கட்டட்டும். உன்ட பெட்டிய விடு."

"அப்ப நான் என்னத்த வாசிக்கிற அண்ணன்?"

குழலின் மூட்டுகளை ஐயா ஒவ்வொன்றாகப் பூட்டும் சத்தம் கேட்டது. "நீ வாசிக்காத. நடத்து."

"ஊர்ல மொத மொதலா மேட ஏறுறன். என்ட தங்கச்சி வாறாள். அவளுக்கு முன்னால கையக் கட்டிக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா?"

"ஒண்டு உன்ட பெட்டி, இல்லாட்டி என்ட குழல். ரெண்டும் ஏலாது. எதெண்டு நீ சொல்லு. பெட்டியெண்டாலும் எனக்குக் கோவமில்ல. கோயிலறிய உண்மை."

ஐயா குழலின் மூட்டைத் திரும்பத் திருகும் சத்தம் கேட்டது. சுவரில் திருத்தி மாட்டிய கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று முன்பின்னாகத் துடித்தன. பிறகு மாமா சொன்னார்:

"குழலக் கழட்டாதீங்க. ஒருக்கா ஊதுங்க, சுருதி பாக்க."

வியாழக்கிழமை எல்லோரும் குழலுக்குக் கட்டிக்கொண்டார்கள். மாமா நடுவில் எழுந்து நின்றார். கையை உயர்த்தி இறக்கினார். வயலின்கள் முந்தின, தபேலா பிந்தியது, யசோதினி ரீச்சர் தொடங்கவே இல்லை. திரும்பவும் கையை உயர்த்தினார். அதேதான்.

"மாஸ்டர் பஸ்ஸ நிப்பாட்டுற மாதிரி இரிக்கி," என்றான் றிம்சான். இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள், மாமாவைத் தவிர. சிரிப்பு அடங்கியதும் யசோதினி ரீச்சர் சொன்னா: "கோவிக்காதீங்க மாஸ்டர். உங்கட கையப் பாத்துப் பாடினதில்ல. அந்தப் பெட்டிட மூச்சக் கேட்டாத்தான் எனக்கு வாய் திறக்கும்."

மாமா போய் ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்தார். வேறு எங்கே உட்காருவதென்று தெரியாமல்தான் உட்கார்ந்தார் என்று நினைக்கிறேன். முழங்கையை மூடியில் ஊன்றி முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு அவருடைய வலது கால், பழக்கத்தில், மிதிகட்டையைத் தேடி ஒருமுறை மிதித்தது.

துருத்தி மூச்சிழுத்தது. அது முடிந்த இடத்தில் ஏழு பேரும் தொடங்கினார்கள்.

அன்று பின்னேரம் பெட்டிக்குள் மிச்சமிருந்த பதினெட்டு நாக்குகளையும் அவரே கழற்றினார். ஒரு சுரம் தப்பி ஒலித்தாலும் குழலோடு மோதும். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டுத் தட்டில் வைத்தார். என்னை ஒரு வார்த்தை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை மண்டபம் முக்கால்வாசி நிறைந்தது. உம்மா மூன்றாவது வரிசையில், முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, யாரும் தன்னைப் பார்க்கிறார்களா என்று பார்த்தபடி இருந்தா. மாமா நடுவில் இருந்தார், மற்றவர்கள் அவரை வழமையைவிட நெருங்கி இருந்தார்கள். கால் மிதித்தது. பாட்டு தொடங்கியது.

அருளம்பலம் ஐயா ஊதியதைப் பற்றி எனக்கு எழுதத் தெரியாது. திங்கட்கிழமையை அவர் அந்தக் குழலுக்குள் வரவிடவில்லை, அவ்வளவுதான் சொல்லலாம். நான் மாமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சும்மா இருக்கவில்லை. பத்து விரலாலும் வாசித்தார். ஒவ்வொரு சுரத்தையும், ஒவ்வொரு இடையிசையையும், கொப்பிகளில் எழுதியபடி. நாக்கில்லாத துளைகளால் காற்று மட்டும் வந்துபோனது. ஒன்றரை மணித்தியாலம், ஒன்பது பாட்டு, ஒரு சுரமும் தவறவில்லை என்று நினைக்கிறேன். சரிபார்க்க யாராலும் ஏலாது.

பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்: "டேய், அந்தப் பெட்டிக்கிட்ட மைக்க வைங்கடா! அந்தாள் வாசிக்கிறது ஒண்டும் கேக்குதில்ல!" விழாக்காரப் பையன் ஒருவன் ஓடிப்போய் ஒரு மைக்கைப் பெட்டிக்கு முன்னால் வைத்தான். மாமா அவனைப் பார்த்து நன்றிக்குத் தலையாட்டினார்.

முடிந்ததும் நல்ல கைதட்டல். உம்மாவைக் கூட்டிக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனேன். மாமா ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து வலது முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். தங்கச்சியைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், ஏலவில்லை.

"நல்லா இருந்திச்சி நானா," என்றா உம்மா. பாட்டைப் பற்றி அவர்கள் இருவரும் கதைப்பதை என் வாழ்நாளில் அன்றுதான் கேட்டேன். "அந்தக் குழல்காரர் ஊதினது மனசப் புழிஞ்சிட்டு. ஆனா... நீங்க வாசிச்சது எனக்கு ஒண்டும் கேக்கல்லயே. நான் காதக் குடுத்துக்கிட்டுத்தான் இருந்தன். பெட்டி பழுதா?"

மாமா என்னைப் பார்த்தார். அந்தக் கடையில் முகம் கொடுக்காமல் இருந்த ஆறு நாளுக்கும் சேர்த்துப் பார்த்தார். சொல்லியிருக்கலாம். சொல்லட்டும் என்று நான் நின்றேன்.

"மூச்சு விட்டிச்சே," என்றார் உம்மாவிடம். "அது கேக்கல்லயா ஒனக்கு?"

உம்மாவுக்கு ஒருவர் மனம் குளிரப் பொய் சொல்ல வராது. "இல்ல நானா," என்றா.

மாமா தலையாட்டிவிட்டு, "சரி, மஃரிபாகுது. போங்க," என்றார்.

அருளம்பலம் ஐயாவின் ஒபரேஷன் முடிந்தது. ஆள் இருக்கிறார், வாசல்வரை நடக்கிறார். ஊத ஏலாது. குழல் மாமாவின் கடையில், பெட்டியின் மேல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் வருவதில்லை. முறிந்த நாக்குகளும் முறியாத நாக்குகளும் இன்னும் அதே தட்டில்தான். மாமா என்னோடு இப்போது கதைக்கிறார், மழையைப் பற்றி, என் வேலை விண்ணப்பங்களைப் பற்றி. அதைப் பற்றி மட்டும் இல்லை.

உம்மா இன்றும் பெட்டி பழுதென்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறா. "நானா மணிக்கூடு திருத்துறவர், தன்ட பெட்டியத் திருத்தத் தெரியல்ல," என்று போன கிழமை மாமியிடம் சொல்லிச் சிரித்தா. நான் பக்கத்தில் இருந்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அதனால்தான் இதை எழுதினேன். உம்மாவுக்கு இவ்வளவு வாசிக்கத் தெரியாது. நான்தான் பக்கத்தில் இருந்து, சத்தமாக, வாசித்துக் காட்ட வேண்டும். எழுதி முடித்து மூன்று நாளாகிறது.